அந்தப் பை யாருடையது?

கேள்வி:

வணக்கம் மேடம். எனக்கு 34 வயது. கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஒரு நாவலைப் படித்துவிட்டு மூன்று வாரமாக நான் சரியாக இல்லை. அதில் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் வருகிறார். யாருக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டார். வேலை கற்க வந்த பையனைக் கடித்துக் குதறுவார். பாதி நாவல்வரை எனக்கு அவரைக் கண்டாலே ஆகவில்லை. அப்புறம் அவருடைய சின்ன வயசு வருகிறது. பதினோரு வயதில் அவருடைய அம்மா அவரைத் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டில் விட்டுவிட்டு, "ஒரே வாரம், வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்" என்று சொல்லிப் போகிறாள். தம்பியை மட்டும் கூடவே வைத்துக்கொள்கிறாள். அந்தப் பையன் கொண்டுவந்த பையைப் பிரிக்கவே இல்லை. உடுத்திய துணியைத் துவைத்துக் காயவைத்து மறுபடி பைக்குள்ளேயே மடித்து வைக்கிறான். மாதக்கணக்கில். அம்மா வரவில்லை. வரப்போவதில்லை என்பது முன்பே பேசி முடித்த விஷயம், அதற்குப் பணமும் கைமாறியிருக்கிறது என்பது அவருக்கு நாற்பது வயதில் தம்பி சொல்லித்தான் தெரிகிறது.

பை வரும் இடத்தில் அழ ஆரம்பித்தவள், இன்னும் அந்த வரி நினைவுக்கு வந்தால் அழுகிறேன். "எவனோ கற்பனையில எழுதினதுக்கு இப்படியா?" என்று என் கணவர் சிரிக்கிறார். அப்பா இறந்தபோதுகூட நான் இவ்வளவு அழவில்லை. அதுதான் இன்னும் குத்துகிறது. ராத்திரியில் அந்தத் தாயை மனசுக்குள் திட்டிக்கொண்டே படுத்திருக்கிறேன். போன வாரம் என் அம்மா போன் செய்தபோது காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். அதற்கப்புறம் அவர் போன் வந்தால் எடுப்பதில்லை. நாவலில் இன்னும் ஆறு அத்தியாயம் பாக்கி. படிப்பதை நிறுத்திவிடவா? எனக்கு ஏதாவது மனக்கோளாறா?

பின்குறிப்பு: தம்பி பிறந்து உடம்பு சரியில்லாமல் இருந்தபோது நானும் இரண்டு வருஷம் பெரியம்மா வீட்டில் இருந்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. ஆனால் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்காது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

நாவலின் பெயரை உங்கள் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். இன்னும் படிக்காதவர்கள் என்னைத் திட்டக்கூடாது.

மனக்கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு கடிதத்தை வைத்து யாருக்கும் எதையும் முத்திரை குத்த முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதில் அப்படிப் பயப்பட எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆலோசனை அறையில் எங்களுக்குப் பழகிப்போன ஒரு காட்சி உண்டு. வந்தவர் ஐம்பது நிமிடமும் வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார். நேரம் முடிந்து, எழுந்து, கதவில் கை வைத்துக்கொண்டு, "அது ஒண்ணுமில்ல, சும்மா சொல்றேன்" என்று ஒன்றைச் சொல்வார். அவர் வந்ததே அதைச் சொல்லத்தான் என்று அப்போதுதான் நமக்குப் புரியும். உங்கள் பின்குறிப்பைப் படித்ததும் எனக்கு அந்தக் கதவுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு வருகிறேன். அதற்குமுன் உங்கள் கணவருக்கு ஒரு பதில் சொல்லிவிடலாம், ஏனென்றால் அவர் கேட்டது ஒன்றும் அற்பமான கேள்வி இல்லை.

அவர் கேட்டதையே தத்துவப் பேராசிரியர்கள் அரை நூற்றாண்டாக விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். தொடங்கிவைத்தவர் காலின் ராட்ஃபர்ட். 1975-இல் எழுதிய கட்டுரையில் அவர் ஓர் உதாரணம் சொல்கிறார். ஒருவர் தன் சகோதரிக்கு நேர்ந்த கொடுமையை நம்மிடம் விவரிக்கிறார். நாம் கலங்கிப்போகிறோம். உடனே அவர், "எனக்குச் சகோதரியே கிடையாது, சும்மா கட்டிவிட்டேன்" என்கிறார். நம் கலக்கம் அந்த நிமிடமே வற்றிவிடுகிறது, கோபம்கூட வருகிறது. அப்படியென்றால், பொய் என்று முதல் பக்கத்திலேயே தெரிந்த நாவலுக்கு நாம் ஏன் அழுகிறோம்? மனிதர்கள் இந்த விஷயத்தில் முன்னுக்குப்பின் முரணாகத்தான் நடந்துகொள்கிறோம் என்று முடித்தார் ராட்ஃபர்ட். எனக்கு அந்த முடிவில் அவ்வளவு உடன்பாடு இல்லை. புளிப்பை நினைத்தாலே வாயில் நீர் ஊறுகிறது. எதிரில் புளிப்பாக ஏதாவது இருக்கவேண்டும் என்று நாக்கு அடம்பிடிப்பதில்லை. கண்ணும் அப்படித்தான். மனசு ஒன்றைத் தெளிவாகக் கற்பனை செய்துவிட்டால் உடம்பு அதற்கேற்ப வேலையைத் தொடங்கிவிடும். நிஜமா என்கிற விசாரணை அப்புறம்தான் வரும்.

இன்னொரு ஆய்வு உங்கள் விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்தும். மெலனி கிரீன், டிமதி பிராக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2000-இல் வெளியிட்டது. கதையில் ஆழ்ந்துபோவதை அவர்கள் ஒரு பயணமாகப் பார்த்தார்கள். வாசகர் இருந்த இடத்தை விட்டுக் கதைக்குள் போய்விடுகிறார். அப்படிப் போனவர்கள் கதைமாந்தர்களிடம் அதிகம் ஒட்டிக்கொண்டார்கள், கதைக்கு ஒத்த நம்பிக்கைகளும் அவர்களிடம் கூடுதலாக இருந்தன. இது நடந்த சம்பவம் என்று சொல்லிக் கொடுத்தாலும், கற்பனை என்று சொல்லிக் கொடுத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. கதைக்குள் போய்வந்தவர் கையில் எதையோ எடுத்துக்கொண்டு வருகிறார் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அம்மாவின் போனைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

சரி, அழுகை புரிகிறது. ஆனால் ஏன் இவ்வளவு? நாவல்களில் எத்தனையோ பேர் சாகிறார்கள், போரில் ஊரே அழிகிறது. அதையெல்லாம் படித்துவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம். ஒரு தாய் பொய் சொல்லிவிட்டுப் போனதற்கு ஏன் மூன்று வாரம்?

இதற்கு நவீன உளவியலைவிடத் தொல்காப்பியம் தெளிவாகப் பதில் சொல்கிறது என்று எனக்குத் தோன்றும். உணர்ச்சிகள் வெளிப்படும் விதத்தைப் பேசும் அதன் மெய்ப்பாட்டியல் பகுதியில் அழுகைக்கு நான்கு காரணங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன: இளிவு, இழவு, அசைவு, வறுமை. இளிவு, பிறர் இகழ்ந்து நம்மை எளியவராக்குவது. இழவு, தாய் தந்தை தொடங்கி நமக்கு உரியதை இழப்பது. அசைவு, முன்பு இருந்த நிலை குலைந்து வேறொன்றாகிப்போவது. வறுமை, வேண்டியது கிடைக்காத ஏக்கம். வரிசையில் இளிவுதான் முதலில் நிற்கிறது, இழவுகூட அதற்கு அடுத்துதான். எதிரி ஒருவன் அந்தப் பையனின் தாயைக் கொன்றிருந்தால் பையனுக்கு இழவு. ஊர் அவனோடு சேர்ந்து அழுதிருக்கும். இங்கே தாய் உயிரோடு இருக்கிறாள், தம்பியை வைத்துக்கொண்டு இவனை விட்டிருக்கிறாள். "நான் வேண்டாதவன்" என்பது இழவோடு சேர்ந்துகொள்கிறது. அது இளிவு. வீடு மாறியது அசைவு. வாசலையே பார்த்துக்கொண்டிருப்பது வறுமை. நான்கும் ஒரே பைக்குள் இருக்கின்றன. அதை எழுதிய ஆசிரியர் தொல்காப்பியம் படித்தாரோ என்னவோ, வேலை தெரிந்தவர்.

கிரேக்கத்தில் அரிஸ்டாட்டிலும் இதே இடத்துக்குத்தான் வந்தார். எதிரி எதிரியைக் கொல்வதில் நமக்குப் பெரிதாக இரக்கம் வராது, சகோதரன் சகோதரனுக்கும் தாய் மகனுக்கும் கொடுமை செய்யும்போதுதான் வரும், கவிஞன் தேடவேண்டியது அந்த மாதிரி நிகழ்ச்சிகளைத்தான் என்று எழுதிவைத்தார். கர்ணன் கதையில் அவன் சாகும் இடத்தைவிட, போருக்கு முன்னால் குந்தி அவனைத் தேடி வரும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைப்பது இதனால்தானோ என்று தோன்றும். இத்தனை வருஷம் வராத அம்மா, மற்ற பிள்ளைகளின் உயிருக்காக வருகிறாள்.

உங்கள் அழுகைக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. பாதி நாவல்வரை உங்களுக்கு அந்தக் கடிகாரக்காரரைப் பிடிக்கவில்லை. ஆசிரியர் வேண்டுமென்றே அப்படி வைத்தார். அவருடைய கடந்தகாலத்தை முதல் அத்தியாயத்திலேயே சொல்லியிருந்தால் பாவம் என்று நினைத்துக் கடந்துபோயிருப்பீர்கள். அவரை நீங்கள் வெறுத்தபிறகு சொன்னார். அதனால் உண்மை தெரிந்தபோது இரக்கத்தோடு குற்றவுணர்ச்சியும் வந்தது. ஊரில் எல்லோரும் அவரை ஒதுக்கினார்கள், நானும் ஒதுக்கினேனே என்று. துரோகம் செய்தவர்களின் வரிசையில் கடைசியில் வாசகரையும் ஒரு ஓரமாக நிற்கவைத்துவிடும் உத்தி இது. இரக்கத்தில் வரும் கண்ணீர் சீக்கிரம் காய்ந்துவிடும். குற்றவுணர்ச்சி கலந்தால் அப்படிக் காய்வதில்லை.

இனி அந்தப் பை. படிப்பவர்கள் அதை நம்பிக்கையின் அடையாளமாக எடுத்துக்கொள்வார்கள்: அம்மா வருவாள் என்று நம்பினான், பிரிக்கவில்லை. எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. ஜெனிஃபர் ஃப்ரைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990-களில் ஒரு கருத்தை முன்வைத்தார். நம்மை ஏமாற்றுபவர் அந்நியர் என்றால் கண்டுபிடிப்பது லாபம், விலகிவிடலாம். ஏமாற்றுபவரை நம்பித்தான் நாம் உயிரோடு இருக்கவேண்டும் என்றால்? குழந்தைக்கு அதுதான் நிலைமை. துரோகத்தைத் தெரிந்துகொண்டால் அந்த உறவு ஆட்டம் காணும், உறவு போனால் பிழைப்பு போகும். அதனால் மனசு தெரிந்துகொள்ளாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறது. இது அசட்டுத்தனம் என்று நினைக்கவேண்டாம், அந்த வயதில் அது ஒரு பாதுகாப்பு. பையைப் பிரித்தால் அவன் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கும். எனவே பிரிக்கவில்லை.

உங்கள் கடிதத்தில், "ஆனால் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள்" என்று ஒரு வரி இருக்கிறது. அது நிஜம் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த வரி நீங்கள் பிரிக்காத பையாகவும் இருக்கலாம். ஒன்பது வயதுப் பெண்ணுக்கு இரண்டு வருஷம் சின்ன காலம் இல்லை. தம்பிக்கு உடம்பு சரியில்லை என்கிறபோது, "என்னை ஏன் அனுப்பினீர்கள்?" என்று கேட்கும் உரிமைகூட அவளுக்கு இருந்திருக்காது. கேட்டால் கெட்ட அக்கா ஆகிவிடுவாள். யார்மீதும் தப்பு இல்லாத இடத்தில் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? இருபத்தைந்து வருஷம் கழித்து, உரிய தப்போடும் கைமாறிய பணத்தோடும் ஒரு தாய் நாவலில் வந்து நின்றாள். கோபம் போய் இறங்க ஓர் இடம் கிடைத்தது. நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம், எனக்குத் தெரிந்தது உங்கள் மூன்று பத்திகள்தான். படிக்கும்போது உங்களுக்குள் ஏதாவது அசைந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

அப்பாவுக்கு அழாததைப் பற்றி. அவர் இறந்த நாட்களில் உங்களுக்கு எத்தனை வேலை இருந்திருக்கும் என்று நினைத்துப்பாருங்கள். யாருக்குச் சொல்வது, அம்மாவை யார் பிடித்துக்கொள்வது, தம்பி எப்படித் தாங்குவான். நாவல் உங்களிடம் எந்தப் பொறுப்பையும் கேட்கவில்லை. மூடிவைக்கலாம், திறக்கலாம், யாரும் பார்க்காமல் அழலாம். பாதுகாப்பான இடம் கிடைக்கும்போதுதான் பலருக்கு அழுகையே வரும். அந்தப் பையனுக்காக அழுததில் கொஞ்சம் அப்பாவுக்கானதும் இருக்காது என்று யார் சொன்னது? ஆட்களுக்குத் தனித்தனியாகக் கணக்கு வைத்து யாரும் அழுவதில்லை.

அழுதால் பாரம் இறங்கிவிடும் என்று உங்களுக்குச் சொல்லமாட்டேன். எப்போதும் அப்படி நடப்பதில்லை. 2015-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், சோகப் படம் பார்த்து அழுதவர்களின் மனநிலை படம் முடிந்ததும் இன்னும் மோசமாகத்தான் இருந்தது. இருபது நிமிடத்தில் பழைய நிலைக்கு வந்தது, தொண்ணூறு நிமிடம் கழித்துப் படத்துக்கு முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தது. நீங்கள் மூன்று வாரமாக அழுதுகொண்டிருக்கிறீர்கள் என்றால் அழுகைக்கு வேறு ஏதோ வேலை பாக்கி இருக்கிறது.

இப்போது அம்மாவின் போன். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்லவந்தேன்.

நாவலின் தாய் செய்தது என்னவென்று உங்களுக்கு முழுக்கத் தெரியும். பணம் கைமாறியது தெரியும், முன்பே முடிவு செய்தது தெரியும். ஆசிரியர் எல்லாக் கதவையும் திறந்து காட்டிவிட்டுத்தான் உங்களிடம் தீர்ப்பைக் கேட்கிறார். உண்மையில் தீர்ப்பையும் அவரே எழுதிவிட்டார், நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். உங்கள் அம்மாவின் கதையில் அப்படி யாரும் கதவைத் திறந்து காட்டவில்லை. உங்களை அனுப்பிய முதல் நாள் ராத்திரி அவர் என்ன செய்தார், யார் சொல்லி அனுப்பினார், எத்தனை நாள் என்று நினைத்து அனுப்பினார், எதுவும் உங்களுக்குத் தெரியாது. கதைக்குள்ளிருந்து நீங்கள் கையில் எடுத்துக்கொண்டு வந்தது அந்தத் தீர்ப்பு. போன் மணி அடித்ததும் அதை அவரிடம் வாசித்துவிட்டீர்கள்.

வெட்கப்படவேண்டாம், இதில் நீங்கள் தனி ஆள் இல்லை. என் பதினாறு வயதில் ஒரு தொடர்கதையில் வந்த சித்தப்பா, அண்ணன் பிள்ளைகளின் சொத்தை அமுக்கினார். அந்த மாதம் நிஜச் சித்தப்பா வீட்டுக்கு வந்தபோது நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் பாவம், எனக்குப் பேனா வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

இதையே மறுபக்கமும் சொல்லவேண்டும். பாக்கி ஆறு அத்தியாயத்தில் அந்தக் கடிகாரக்காரர் தாயை மன்னித்துக் கட்டிப்பிடித்து அழலாம். அப்படி வந்தால், நானும் மன்னித்துவிடவேண்டும், இல்லையென்றால் என் மனசு சிறியது என்று நினைக்காதீர்கள். அவர் மன்னித்தது அவருடைய ஆசிரியருக்கு ஒரு முடிவு தேவைப்பட்டதால்.

என்ன செய்யலாம்?

முதலில் எது அவருடையது, எது உங்களுடையது என்று பிரித்துக்கொள்ளுங்கள். இது கேட்பதற்குச் சுலபம். ஃப்ரெடரிக் பார்ட்லெட் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் ஒரு கதையைக் கொடுத்து, ஆட்களைத் திரும்பத்திரும்ப நினைவிலிருந்து சொல்லச்சொன்னார். ஒவ்வொருவரும் தங்களுக்குப் பழகியபடி அதை மாற்றிக்கொண்டே போனார்கள். 1932-இல் இதைப் புத்தகமாக எழுதினார். நினைவு அலமாரியில் வைத்த பொருள் மாதிரி அப்படியே இருப்பதில்லை, எடுக்கும்போதெல்லாம் புதிதாகக் கட்டப்படுகிறது. மூன்று வாரமாக அந்தப் பையனோடு வாழ்ந்திருக்கிறீர்கள். பெரியம்மா வீட்டு ஞாபகத்தில் அவனுடைய பை மெல்ல நுழைந்திருக்கலாம். எனவே ஒரு தாளில், நாவல் படிப்பதற்கு முன்பே உங்களுக்கு ஞாபகம் இருந்த விஷயங்களை மட்டும் எழுதுங்கள். எங்கே படுத்தீர்கள், யார் தலை வாரிவிட்டார்கள், அம்மா பார்க்க வந்தாரா, வந்துவிட்டுக் கிளம்பும்போது நீங்கள் என்ன செய்வீர்கள். உங்கள் பையைப் பற்றி ஏதாவது ஞாபகம் வருகிறதா? வராவிட்டாலும் பரவாயில்லை.

ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1986-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வந்த முறை ஒன்று உண்டு: நான்கு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம், மனசைப் பாதித்த ஒன்றைப் பற்றி நடந்ததையும் அப்போது தோன்றியதையும் சேர்த்து எழுதுவது. எழுத்துப்பிழை பார்க்கவேண்டாம், யாரிடமும் காட்டவேண்டாம். எழுதிய உடனே மனசு கனமாக இருப்பது சகஜம், சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்காமல் நாளுக்கு நாள் ஏறினால் நிறுத்திவிடுங்கள். எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று இல்லை.

அப்புறம் அம்மாவிடம் பேசுங்கள். எரிந்து விழுந்ததற்கு வருத்தம் சொல்லித் தொடங்கலாம். பிறகு, "அந்த ரெண்டு வருஷம் பத்தி எனக்குக் கேக்கணும்மா, எப்படி முடிவு பண்ணீங்க?" என்று மட்டும் கேளுங்கள். "ஏன் என்னை விட்டீங்க?" என்று கேட்டால் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். அவர் அழலாம். "உனக்கு என்ன குறை வச்சோம்?" என்று கோபப்படலாம். "அதெல்லாம் இப்ப எதுக்கு" என்று பேச்சை மாற்றலாம். மூன்றில் எது நடந்தாலும் அன்றைக்கே முடித்துவிடவேண்டும் என்று நினைக்காதீர்கள். அவரும் இத்தனை வருஷமாகத் தன் பையைப் பிரிக்காமல் வைத்திருக்கலாம்.

கணவரிடம் ராட்ஃபர்டைப் பற்றியெல்லாம் சொல்லவேண்டாம். பின்குறிப்பை மட்டும் சொல்லுங்கள். அவர் சிரிப்பது கற்பனைப் பையனுக்காக. ஒன்பது வயதில் நீங்கள் அம்மாவை விட்டு இருந்தது அவருக்குத் தெரியுமா என்பதே எனக்குச் சந்தேகம்.

தூக்கம் இப்படியே கெட்டுக்கொண்டிருந்தால், பழைய காட்சிகள் வேண்டாதபோதெல்லாம் வந்து மோதினால், வேலையே ஓடவில்லை என்றால், நேரில் ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள். வாழ்வதே எதற்கு என்ற நினைப்பு வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

நாவலை நிறுத்தவேண்டியதில்லை. இடைவெளி விடுங்கள், அவ்வளவுதான். படுக்கப்போகும் நேரத்தில் எடுக்காதீர்கள், பகலில் படியுங்கள். அம்மாவிடம் பேசிய பிறகு மீதியைப் படித்தால் நல்லது என்பது என் எண்ணம். முடிவு என்னவாக இருந்தாலும் அப்போது அது அந்தக் கடிகாரக்காரரின் முடிவாக மட்டும் இருக்கும்.

உங்கள் கடிதம் வந்த அன்றே நானும் அந்த நாவலை வாங்கிவிட்டேன். நேற்று ராத்திரி பை வரும் அத்தியாயத்தோடு மூடிவைத்தேன். நீங்கள் அம்மாவிடம் பேசிவிட்டு எழுதுங்கள், அதுவரை நானும் அதற்குமேல் படிக்கவில்லை.